பாலைவனத்தில் கேட்க வேண்டிய கேள்வி

மார்ச் 3, திங்கள்

நேற்று மதியச் சாப்பாட்டுக்குக் கொழுந்தனார் ஜோனாஸ் குடும்பத்தோடு வந்திருந்தார். மாமி இறந்து வருகிற நவம்பரோடு ஒரு வருஷம். ஆண்டுப் பூசையை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. அவர் மகள் ஷெர்லீன் ஜோர்டான் போகலாம் என்றாள். "பாட்டி புண்ணிய பூமியப் பாக்கணும் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்கல்ல பெரியம்மா. யோர்தான் ஆத்துக்கு இந்தப் பக்கம் ஜோர்டான் தான். அங்கேர்ந்தே யோர்தான் தண்ணியத் தொடலாம்."

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டே, "ப்ளான் எல்லாம் செல்வி பாத்துக்குவா. கணக்குல அவ புலி," என்றார்.

ஓர்ப்படியாள் பமேலா சிரித்தாள். "அக்கா ப்ளான் போடுவாங்க, ஏர்போர்ட்ல ஃபார்ம் நிரப்ப நான் தானே வேணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாயசம் பரிமாறினேன். ஜவ்வரிசி சற்றுக் குழைந்துவிட்டது.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கினேன். தவக்காலத்துக்கு எதை விடுவது? தேத்தண்ணியில் சீனியை விட்டாயிற்று. இன்னொன்றையும் விடச் சொல்லி உள்ளே ஒரு குரல். அதை விடமாட்டேன். ஆண்டவரே, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இங்கேயாவது ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

மாமி ஆறு வருஷம் படுக்கையில் இருந்தார்கள். குளிப்பாட்டியது நான், ஊட்டியது நான், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தது நான். நவம்பர் ஒன்பதாம் தேதி சாயங்காலம் மாமியின் மூச்சு மாறியபோது வீட்டில் நான் மட்டும்தான். இவர் பங்குப் பேரவைக் கூட்டம் என்று கோயிலுக்குப் போயிருந்தார். எல்லாருக்கும் போன் அடித்தேன். ஒருத்தரும் எடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தார்கள். முதலில் ஜோனாஸும் பமேலாவும். பமேலா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் தலைமுடியில் சுட்ட மீன் வாசம். உம்பாய்க் கடற்கரை மீன் கடைகளின் வாசம் எனக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் கழித்து இவர் கூட்டத்திலிருந்து ஓடி வந்தார்.

அடக்கப் பூசையில் பமேலா எழுந்து போய் இங்கிலீஷில் பேசினாள். "குடும்பமே அம்மாவின் கட்டிலைச் சுற்றி நின்றோம். கடைசி மூச்சு வரைக்கும் நான் அவர் கையைப் பிடித்திருந்தேன்." கோயிலே மூக்கை உறிஞ்சியது. பிறகு எல்லாரும் வரிசையில் வந்து பமேலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடமும் சிலர் வந்தார்கள். "சிஸ்டர், கோப்பி எங்க வச்சிருக்கீங்க?"

எனக்கு இங்கிலீஷ் புரியாது என்று நினைத்திருக்கிறார்கள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள்தானே. பிள்ளைகள் வெளிநாடு போகுமுன் படித்து முடித்துப் போட்ட புத்தகங்களை வைத்து, பாத்திரம் கழுவியானதும் தினம் ஒரு பக்கம் நானே படித்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு சாவையும் திருடுவார்களா?

மார்ச் 9, ஞாயிறு

மூன்று தடவை கேட்கப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு, பொங்கல் லீவில், போன மாதம் அவள் வீட்டுக் குசினியில். "பமேலா, அன்னைக்கி மாமி..." என்று ஆரம்பித்தால் போதும். போன் வந்துவிடும். கார் சாவியை எடுத்துவிடுவாள். ஷெர்லீனைக் கூட்டிவர நேரமாகிவிடும். இந்த ஊரில் எல்லாப் பேச்சுக்கும் ஒரு பின்வாசல் இருக்கிறது.

இன்று கைப்பேசியில் ஜோர்டானைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஜெராஷ் என்று பழைய ரோமர் பட்டணம் ஒன்று. பெட்ரா, மலையைக் குடைந்து கட்டிய நகரம். மோசே ஏறி நின்ற நெபோ மலை. கடைசியாக வாடி ரம். சிவப்பு மணல் பாலைவனம். அங்கே கூடாரத்தில் ஒரு ராத்திரி தங்கலாம். ஜீப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு மறுநாள் காலையில்தான் வந்து கூட்டிப் போவார்கள். லைன் கிடைக்காது.

லைன் கிடைக்காது. கார் கிடையாது. சுற்றிலும் மணல்.

அந்த இடத்தில் வைத்துக் கேட்பேன். ஆண்டு நினைவுக்கு ஜெபமாலை சொல்லி முடித்ததும் குடும்பத்தில் ஆளுக்கொரு நினைவு சொல்வது நம் வழக்கம்தானே. பமேலாவின் முறை வரும்போது ஒரே ஒரு கேள்வி: மாமி கடைசியாக என்ன கேட்டார்கள்?

கையைப் பிடித்திருந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

மார்ச் 22, சனி

ஏஜென்ட் கிஷன் நல்ல பையன். வாயில் எந்நேரமும் ஒரு மிட்டாய். "ஆன்ட்டி, டெசர்ட் நைட் ஆப்ஷனல் தான் லா. வயசானவங்க நெறைய பேரு ஸ்கிப் பண்ணிட்டு ஹோட்டல்ல தங்கிடுவாங்க. டாய்லெட்லாம் கொஞ்சம் தூரம்."

"எதை வேணும்னாலும் எடுத்துடுப்பா. அத மட்டும் எடுக்காத."

இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒனக்கென்ன மணல் மேல திடீர் ஆசை?"

ஆண்டவர் நாற்பது நாள் பாலைவனத்தில் இருந்தார், நாம் ஒரு ராத்திரி இருக்கக் கூடாதா என்றேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை. முட்டி போட்டுக் கால் மரத்துவிட்டது. மாமியை நினைத்துக்கொண்டேன்.

எழுதி வைக்க வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஆனால் எனக்கும் வயதாகிறது, மறந்துவிட்டால்?

அன்று நல்ல புழுக்கம். மேசை ஃபேன் மாமியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தேன். ரெண்டு நாளாகப் பேச்சே இல்லாதவர்கள் கண்ணைத் திறந்து என் கழுத்தைப் பார்த்தார்கள். பிறகு தெளிவாகச் சொன்னார்கள்:

"ஃபேன ஒம்பக்கம் திருப்பி வச்சிக்க. வேத்து ஊத்துது பாரு ஒனக்கு."

திருப்பினேன். நான் திரும்பி வந்து கையைப் பிடித்தபோது போய்க்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவுதான். சேசுவே என்று சொல்லவில்லை, மகன்கள் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு வேர்த்ததைச் சொன்னார்கள். இது என்னுடையது. வேறு யாருக்கும் இதில் பங்கு கிடையாது.

மே 11, ஞாயிறு

பமேலா வரமாட்டாளாம். முட்டி வலியாம். எல்லாம் போச்சு.

மே 13, செவ்வாய்

ஒன்றும் போகவில்லை, போகவிடவும் மாட்டேன். காலையிலேயே கான்சில் காரை எடுத்துக்கொண்டு பாயா ரும்புட்டில் அவள் வீட்டுக்குப் போனேன். காலை நீட்டி சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் நடக்கச் சொல்றாரு அக்கா. நடந்தா வலிக்குது. வலிக்குதுன்னு உக்காந்தா வெயிட் போடுது. நீங்கல்லாம் போய்ட்டு வாங்க, எனக்குக் கொஞ்சம் யோர்தான் தண்ணி கொண்டாங்க போதும்."

"தண்ணிய நீயே போய்த் தொடுவ. நாளையிலேர்ந்து நான் வர்றேன், சேந்து நடக்கலாம்."

அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவாக்கா?"

ஆமாம் என்றேன். உண்மைதானே.

மே 30, வெள்ளி

வாரத்தில் ஐந்து நாள் பாயா ரும்புட் திடலைச் சுற்றுகிறோம். நடந்து முடித்ததும் அவள் முட்டிக்கு மினியாக் ஊரூட் எண்ணெய் தேய்த்து விடுகிறேன். மாமிக்குத் தேய்த்த கைப்பழக்கம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அக்கா கையில என்னமோ இருக்கு," என்கிறாள்.

எண்ணெய்க் காசை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். மருந்து? தருமம்? கடைசியில் பயணச் செலவு என்று எழுதினேன்.

ஜூன் 14, சனி

ஜோர்டான் பக்கம் சண்டை மூண்டுவிட்டது. வானத்தையே மூடிவிட்டார்களாம், விமானம் ஒன்றும் பறக்கவில்லை. கிஷன் போனில், "வெயிட் பண்ணுவோம் ஆன்ட்டி," என்கிறான். தொலைக்காட்சியில் எந்நேரமும் அதுதான். பாவம் அந்த சனங்கள்.

சமாதானத்துக்காக முழு ஜெபமாலை சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்று மாதாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாதி அவர்களுக்காக. பாதி என் கேள்விக்காக.

ஜூன் 26, வியாழன்

வானத்தைத் திறந்துவிட்டார்கள். ஒரு கட்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜூலை 19, சனி

பெட்ராவில் படிகள் அதிகமாம். பழக்கத்துக்காகப் பமேலாவைப் புனித பவுல் குன்றுக்குக் கூட்டிப் போனேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னையக் கொல்றதுக்குத்தான் அங்க கூட்டிட்டுப் போறீங்களாக்கா?"

"சே! நீ எனக்கு உசிரோட வேணும்டி."

விழுந்து விழுந்து சிரித்தாள். மேலே இடிந்த கோயில் சுவரில் சாய்ந்து நின்று கடலைப் பார்த்தோம். என் தண்ணீர் போத்தலை வாங்கிக் குடித்தாள். அவள் சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழும். இருபத்தைந்து வருஷமாகத் தெரியும், இப்போதுதான் கவனித்தேன். இதெல்லாம் ஆபத்து. இனிமேல் திடலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 23, சனி

வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

நடந்து முடித்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். நல்ல பாரி மீன் இருந்தது, சுட்டுத் தரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டுமென்றே கேட்டேன், முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க. பமேலா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் பாரி சாப்புடுறதே இல்லக்கா. அன்னைக்கு உம்பாய்ல சாப்புட்டதோட விட்டுட்டேன். வாய்ல வச்சாலே அத்தை மொகந்தான் வருது."

அவளாகவே சொல்கிறாள்!

"எங்க வீட்டுக்காரருக்கு ப்ரமோஷன் வந்துச்சின்னு போனோம். ஒங்ககிட்ட சொன்னா ஒங்களுக்கும் ஆசையா இருக்கும், அத்தைய விட்டுட்டு வரவும் முடியாது, எதுக்கு மனசு கஷ்டம்னு அத்தான் தான் சொல்ல வேணாம்னாரு. பாரியும் அவர்தான் ஆர்டர் பண்ணாரு."

"எந்த அத்தான்?"

"என்னக்கா கேள்வி இது? நம்ம அத்தான் தான்."

நம்ம அத்தான். மிக்கேல்ராஜ். என் புருஷன். பங்குப் பேரவைக் கூட்டத்துக்குப் போனவர்.

அடக்கப் பூசையில் பேசியதைப் பற்றிக் கேட்டேன். அவள் குனிந்துகொண்டாள்.

"அது அத்தான் எழுதிக் குடுத்தது. மவன்க ரெண்டு பேரும் மீன் தின்னுக்கிட்டு இருந்தாங்கன்னு கோயில்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னாரு. நான் சொன்னேன்க்கா, அக்கா என்ன நெனைப்பாங்கன்னு. 'செல்விக்கு இங்கிலீஷ் எங்க புரியப்போவுது, நீ படி'ன்னாரு."

கடைக்காரர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். தொடாமலே ஆறியது.

"எனக்குத் தெரியும்க்கா தப்புன்னு. ஆனா எல்லாரும் வந்து கையப் புடிச்சாங்கல்ல... நல்லா இருந்துச்சுக்கா. அதச் சொல்லத்தான் வெக்கமா இருக்கு."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அந்தச் சட்டை. வெள்ளைச் சட்டை. அன்று சாயங்காலம் மாமிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். கூட்டத்துக்குப் போகும்போது நல்லா இருக்கணுமேன்னு. மறுவாரம் துவைக்கும்போது கைமடிப்பில் சம்பல் கறை. கோயிலில் ஏதோ சாப்பாடு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, எலுமிச்சம்பழம் தேய்த்துக் கசக்கினேன். நானே கசக்கி நானே காயப்போட்டேன். என்ன ஜென்மம் இது!

புரியாது. எனக்குப் புரியாது. முப்பத்தோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, எனக்கு என்ன புரியும் என்று இந்த மனுசனுக்குத் தெரியவில்லை.

பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார். எழுப்பிக் கேட்கலாம். கேட்டால்? கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பார். இவருக்கும் பின்வாசல் பழக்கந்தான்.

பமேலாவை மன்னித்துவிட்டேனா? இல்லை. வரிசையில் பின்னால் தள்ளி நிறுத்தியிருக்கிறேன்.

பயணத்தில் எதையும் மாற்றத் தேவையில்லை. கேள்வி அதே கேள்விதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பாவசங்கீர்த்தனம்.

"ஃபாதர், ஒருத்தரப் பழிவாங்கப் போறேன். இன்னும் வாங்கல."

"அப்ப வாங்காதீங்கம்மா."

"டிக்கெட் எடுத்தாச்சு ஃபாதர்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இருமினாரா, சிரித்தாரா தெரியவில்லை. பிறகு, அடிதடி ஏதாவதா என்று கேட்டார். இல்லை, ஒரு கேள்வி கேட்கப் போகிறேன் என்றேன். கேள்வி கேட்பது பாவமில்லை, எந்த மனசோடு கேட்கிறீர்கள் என்பதுதான் என்றார். மனசு சரியில்லை என்று ஒத்துக்கொண்டேன். திரும்பி வந்து மறுபடி பார்க்கச் சொன்னார்.

அக்டோபர் 12, ஞாயிறு

இவர் எனக்கு நடக்கிற சப்பாத்து வாங்கி வந்தார். அளவு சரியாக இருந்தது. கட்டிலில் உட்கார வைத்து, குனிந்து, அவரே நாடாவைக் கட்டிவிட்டார். தலை உச்சியில் முடி மெலிந்துவிட்டது. எனக்கு என்னமோ போலாகிவிட்டது. விட்டுவிடலாமா என்று கூட நினைத்தேன். வயதான மனுசன்.

அப்புறம் போனில் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "செல்விய நெனச்சாத்தான் பாவமா இருக்கு. அங்க போய் அவளுக்கு என்னாத்த புரியப்போவுது? ஒவ்வொண்ணா நான்தான் சொல்லிக் குடுக்கணும்."

சப்பாத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். நல்ல சப்பாத்து. மணலுக்குத் தோதாக இருக்கும்.

நவம்பர் 4, செவ்வாய். ஜெராஷ்

தூண்கள், தூண்கள். இரண்டாயிரம் வருஷத்துத் தெருவில் தேர்ச் சக்கரத் தடம் இன்னும் பதிந்திருக்கிறது. இவர் ஒவ்வொரு பலகை முன்னாலும் நின்று எனக்கு விளக்கம் சொன்னார். ஒரு கோயில் வாசலில் நின்று இது சந்தை என்றார். பலகையில் கோயில் என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதியிருந்தது. "அப்படியா?" என்றேன்.

நவம்பர் 6, வியாழன். பெட்ரா

பமேலா கடைசிப் படி வரைக்கும் ஏறிவிட்டாள். மேலே போய் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வியர்வை வாசம் மட்டும்தான்.

நவம்பர் 7, வெள்ளி. வாடி ரம்

கூடாரத்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி.

வெயில் தாழ்ந்த நேரம். பாறையெல்லாம் செங்கல் சூளை மாதிரி சிவந்து கிடந்தது. கூடாரக்காரர் நெருப்பு மூட்டி, கறுப்புத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். பாய் விரித்து உட்கார்ந்தோம். மாமி படத்தை என் சால்வை மேல் வைத்து ஜெபமாலை சொன்னோம். பிறகு ஆளுக்கொரு நினைவு.

ஜோனாஸ், ரப்பர்க் காட்டில் திருட்டுச் சிகரெட் பிடித்தபோது மாமி பால் வாளியோடு துரத்தியதைச் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். ஷெர்லீன், பாட்டி தன்னைச் 'செல்லின்' என்று கூப்பிட்டதைச் சொல்லி அழுதாள். அடுத்தது பமேலா. என்னைப் பார்த்தாள்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கு நான் அங்க இல்ல. அக்கா தான் இருந்தாங்க. கோயில்ல நான் சொன்னது பொய்."

இதை நான் அவளிடம் கேட்கவே இல்லை. நெருப்பு சடசடவென்று வெடித்தது. இவர், "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார்.

நான் இவர் பக்கம் திரும்பினேன். "நீங்க சொல்லுங்க. மாமி கடைசியா என்ன கேட்டாங்க?"

"என்ன செல்வி..."

"குடும்பமே சுத்தி நின்னோம்னு எழுதுனது நீங்கதானே. சொல்லுங்க."

அவர் எழுதிக் கொடுத்த வரிகளை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். ஒரு சொல் விடவில்லை. ஷெர்லீன் வாயைப் பிளந்து, "பெரியம்மா!" என்றாள். இவர் முகத்தை நான் இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"தண்ணி கேட்டாங்களா?" என்றார்.

"இல்ல."

"ஜெபமாலையா?"

"இல்ல."

"என் பேரச் சொன்னாங்களா?"

"இல்ல. பாரி நல்லா வெந்திருந்துச்சா?"

கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். லைன் இல்லை. எழுந்தார். ஜீப் நிற்கிற இடத்தைப் பார்த்தார், ஜீப் இல்லை. மணலில் கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. திரும்பி வந்து அதே பாயில், அதே இடத்தில் உட்கார்ந்தார். ஜோனாஸ் தலையைத் தூக்கவில்லை.

"செல்வி. சொல்லு. எங்கம்மா என்னதான் கேட்டாங்க?"

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். நல்ல இனிப்பு. நான் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு. நெபோ மலை

மாமிக்கு ஆண்டுப் பூசை நல்லபடி முடிந்தது. மலை விளிம்பில் நின்றால் எதிரே புண்ணிய பூமி புகைபோலத் தெரிகிறது. மோசேக்கு இங்கிருந்து பார்க்க மட்டும்தான் கிடைத்தது. இவர் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாக மறுபடி கேட்டார். காற்று பலமாக இருந்தது. காது கேட்காத மாதிரி நின்றேன்.

பிற்பகல் யோர்தானில் மாமியின் ஜெபமாலையை நனைத்தேன். பமேலா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், நான் வழுக்கி விழாமல்.

நவம்பர் 26, புதன். புக்கிட் காத்தில், வீடு

பயணக் கணக்கை முடித்துக் கட்டினேன். பாவசங்கீர்த்தனத்துக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டும்.

பமேலா தினமும் வந்து நடக்கக் கூப்பிடுகிறாள். போகிறேன். எண்ணெய் தேய்க்க இப்போது அவளே கற்றுக்கொண்டாள்.

மத்தியானம் மழை வருகிற மாதிரி இருந்து வராமல் ஒரே புழுக்கம். பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் எதிரே வந்து உட்கார்ந்தார். போன வாரம் கோயிலில் எல்லார் முன்னாலும் எழுந்து, கடைசியில் அம்மாவோடு இருந்தது செல்வி மட்டும்தான் என்று சொன்னார். தமிழில். யாரும் கேட்டுச் சொல்லவில்லை, அவராகத்தான். சரி என்று தலையாட்டினேன்.

"அதான் சொல்லிட்டேன்ல. இப்பவாச்சும் சொல்லேன். ஒரு வார்த்த. பெத்த மவன் கேக்குறேன்."

பயத்தங்காயில் ஒன்று பூச்சி. அதை ஒதுக்கினேன்.

மாமியின் மேசை ஃபேன் அவரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஏய், எனக்கு வேர்க்குது," என்றார்.

வேர்க்கட்டும்.